நாலு போன் வைத்து எண்ணெய் வாங்கும் அண்ணாச்சி

ஓட்டேரி ராஜா (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் மக்களே. பதினோரு வருஷமாக ஒரு டிஸ்ட்ரிபியூட்டரிடம் லைன் சேல்ஸ்மேன் நான். ஓட்டேரி, அயனாவரம், புரசைவாக்கம் என் பீட். போன செவ்வாய்க்கிழமை பார்த்ததை எழுதுகிறேன், சட்டம் தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

என் லைனில் ஒரு மளிகைக் கடை. வாரம் பன்னிரண்டு பெட்டி சன்ஃபிளவர் ஆயில் எடுத்த கடை, மூணு மாசமாக ரெண்டு பெட்டிக்கு வந்துவிட்டது. வியாபாரம் டல் என்றுதான் நினைத்தேன். செவ்வாய்க்கிழமை ஆர்டர் எடுக்க நிற்கிறேன், ஒரு டெலிவரி பையன் வந்து கல்லா மேல் பையை வைக்கிறான். உள்ளே நாலு பாக்கெட் எண்ணெய். அஞ்சு நிமிஷத்தில் இன்னொரு பையன், இன்னொரு நாலு. எனக்குப் பேச்சே வரவில்லை. அண்ணாச்சி கூசாமல் சொன்னார்: "என்னப்பா செய்ய, உன் பில்லு 148. இந்த ஆப்புல 131. ஒரு போனுக்கு நாலுதான் தர்றான். அதான் என் போன், வீட்டுக்காரி போன், மவன் போன், கடைப்பையன் போன். தெனம் ஒரு சுத்து."

அதே பிராண்ட். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன், பேக்கிங் மாதம்கூட எங்கள் குடோன் சரக்கோடு ஒத்துப்போனது. அதை அவர் 150க்கு விற்கிறார்.

எங்கள் ஓனருக்கே கம்பெனி 144க்குத்தான் பில் போடுகிறது. அப்படியிருக்க 131க்கு எவனால் விற்க முடியும்? நஷ்டத்துக்கு விற்று மற்றவனைக் கடையைச் சாத்த வைப்பது குற்றமில்லையா? இதற்குப் பேர்தான் ஃப்ரீ மார்க்கெட்டா?


சிறுசேரி சுந்தர்

ராஜா சார், நீங்கள் எழுதியதையே ஒரு தடவை திரும்பப் படியுங்கள். அண்ணாச்சிக்கு லாபம். 150க்கு வாங்குகிறவருக்கும் நஷ்டமில்லை. கை சுட்டுக்கொள்வது யாரோ ஒரு முதலீட்டாளர். அவர் காசு, அவர் எரிக்கிறார். நாம் ஏன் அழ வேண்டும்?

இந்தப் புலம்பலைச் சென்னை ஏற்கெனவே கேட்டிருக்கிறது. 1997இல் திருவான்மியூரில் ஆரம்பித்த சுபிக்ஷா, நாடு முழுக்க 1,600 கடை வரை போனது. அண்ணாச்சி கடையெல்லாம் அவ்வளவுதான் என்றார்கள். 2009இல் சுபிக்ஷாதான் இல்லாமல் போனது. அண்ணாச்சி அதே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார்.

கட்டுப்பாடு கட்டுப்பாடு என்கிறவர்கள் கட்டுப்பாடு இருந்த காலத்தையும் நினைத்துப் பாருங்கள். என் அப்பா ஸ்கூட்டருக்குப் பணம் கட்டி வருஷக்கணக்கில் காத்திருந்தார். 1995இல் செல்போன் வந்தபோது மெட்ராஸுக்கு லைசென்ஸ் ரெண்டே பேருக்கு, ஸ்கைசெல்லும் ஆர்பிஜியும். இன்கமிங் காலுக்குக்கூடக் காசு. அந்த ரெட்டை ராஜ்ஜியத்தை உண்டாக்கியது சந்தை இல்லை, டெல்லி கொடுத்த காகிதம். கதவைத் திறந்துவிட்ட பிறகுதான் ஆட்டோ ஓட்டுநர் கைக்கும் போன் வந்தது.


கொளத்தூர் கடலோடி

கொளத்தூர்ல கடல் ஏதுன்னு கேக்காதீய, நான் தூத்துக்குடிக்காரன். இந்த 131 ரூவா எண்ணெயப் பாத்ததும் எனக்கு ஞாபகம் வந்தது குடை.

1906ல வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சாரு. பங்கு ஒண்ணு 25 ரூவா. அதுவரை தூத்துக்குடி–கொழும்பு தடத்துல பிரிட்டிஷ் இந்தியாங்கிற வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனி வச்சதுதான் கட்டணம். சுதேசிக் கப்பல் ஓட ஆரம்பிச்சதும் வெள்ளைக்காரன் டிக்கெட்ட ஒரு ரூவாக்கு இறக்கினான். இவரு எட்டணாவுக்கு இறக்கினாரு. அவன் என்ன செஞ்சான்? டிக்கெட்டே வேண்டாம், சும்மா வாங்க, கூட ஒரு குடையும் தாரேன்னான். எங்க ஊருல சின்னப் பிள்ளைக்கும் தெரிஞ்ச கத இது.

1908ல அவர உள்ள தள்ளினாங்க. 1911ல கம்பெனியக் கலைச்சாச்சு. எந்தக் கப்பல வாங்க ஊரே பணம் போட்டுச்சோ, அதுல ஒண்ணு கடைசில அந்தப் பிரிட்டிஷ் கம்பெனிக்கே விலை போச்சு. கிண்டி காந்தி மண்டபத்துக்குப் போனா அவரு ஜெயில்ல இழுத்த செக்கப் பாக்கலாம். எண்ணெய்ச் செக்குதான், ராஜா அண்ணே.

சுந்தர் தம்பி, குடை வாங்கிட்டுப் போன பயணிக்கும் அன்னைக்கு லாபந்தான்.


சிறுசேரி சுந்தர்

அண்ணே, குடைக் கதையை நானும் மதிக்கிறேன். ஆனால் கப்பல் கம்பெனியை முடித்தது குடையா, ஜெயிலா? நடத்துகிறவரைச் சிறையில் போட்டது ஒரு அரசாங்கம். கிழக்கிந்தியக் கம்பெனியும் அப்படித்தானே? 1600இல் ராணி கொடுத்த சாசனத்தால் வந்த ஏகபோகம் அது. 1813இல் லண்டன் பார்லிமென்ட் அதைப் பிடுங்கியதும் இந்திய வியாபாரத்தில் அதன் தனியுரிமை போச்சு, தேயிலையும் சீனா வியாபாரமும்தான் மிச்சம். அரசாங்கம் முட்டுக் கொடுக்காமல் எந்த ஏகபோகம் நிலைத்திருக்கிறது என்று ஒன்று காட்டுங்கள்.

இன்னொரு கேள்வி. 2013இல் சென்னை மாநகராட்சி அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி போட்டது. அடக்க விலைக்கு எவ்வளவோ கீழே. பக்கத்தில் இருந்த கையேந்தி பவன்காரருக்கு அது என்ன? அப்போது யாரும் 'ஐயோ நஷ்டத்துக்கு விற்கிறார்கள்' என்று இழை ஆரம்பிக்கவில்லையே?


ஹைகோர்ட் வராண்டா

சுந்தரின் இட்லிக் கேள்வி நியாயமானது. அதில் ஆரம்பித்தால்தான் ராஜாவுக்கும் பதில் கிடைக்கும்.

மலிவாக விற்பது மட்டுமே எந்த ஊரிலும் குற்றமில்லை. நம்முடைய 2002ஆம் வருடத்துப் போட்டிச் சட்டம், பிரிவு 4 இரண்டு விஷயங்களைச் சேர்த்துக் கேட்கிறது. ஒன்று, விற்கிறவர் ஏற்கெனவே சந்தையில் ஆதிக்க நிலையில் இருக்க வேண்டும். இரண்டு, போட்டியைக் குறைக்கும் அல்லது போட்டியாளரை ஒழிக்கும் நோக்கத்தோடு அடக்கத்துக்குக் கீழே விற்க வேண்டும். இட்லியை ஒரு ரூபாய்க்குப் போட்ட மாநகராட்சி, கையேந்தி பவன் மூடியதும் இருபது ரூபாயாக்கத் திட்டம் போட்டதாக யாரும் சொல்ல முடியாது.

இப்போது கடலோடி சொன்ன கப்பலுக்கு வாருங்கள். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி அந்தத் தடத்தில் பழம் தின்று கொட்டை போட்டது. ஆதிக்கம் உண்டு, நோக்கமும் அப்பட்டம். இன்றைய பிரிவு 4 அன்று இருந்திருந்தால் குடை கொடுத்தவன் மாட்டியிருப்பான்.

ராஜாவின் எண்ணெய் ஆப் மாட்டாது. ஏனென்றால் அது புதுசாக வந்தது, மளிகை வியாபாரம் மொத்தத்தில் அதன் பங்கு சொற்பம். இதற்கு முன்னுதாரணமும் இருக்கிறது. ஜியோ 2016 செப்டம்பர் 5இல் வந்தது, 2017 மார்ச் கடைசி வரை இலவசம். ஏர்டெல் போட்டி ஆணையத்துக்குப் போனது. ஜியோவின் பங்கு அப்போது ஒற்றை இலக்கச் சதவீதம்தான், ஆதிக்கமே இல்லாதபோது எதைத் துஷ்பிரயோகம் செய்வது என்று 2017 ஜூனில் புகாரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சட்டப்படி அந்த உத்தரவில் நான் குறை காண மாட்டேன். ஓட்டை சட்டத்திலேயே இருக்கிறது. வளரும்போது நஷ்டத்துக்கு விற்றால் 'நீ இன்னும் பெரியவன் இல்லை, போ'. பெரியவன் ஆன பிறகு நஷ்டத்துக்கு விற்க வேண்டிய அவசியமே இருக்காது. இரண்டு கட்டத்திலும் பிரிவு 4இன் கைக்கு ஒன்றும் அகப்படாது.


சிறுசேரி சுந்தர்

வக்கீல் சார், அந்த ஜியோ வந்ததால்தானே 1 ஜிபி 250 ரூபாய் விற்றது இருபது ரூபாய்க்கும் கீழே வந்தது? அன்றைக்குத் தடுத்திருந்தால் சந்தோஷமா?


புரசை பூரணி

தம்பி, 2024 ஜூலையில் உன் ரீசார்ஜ் 239இலிருந்து 299 ஆனபோது எங்கே மாறினாய்? மூணு கம்பெனியும் ஒரே வாரத்தில் ஏற்றினார்கள். 2016இல் கடைத்தெருவில் ஏர்செல், டோகோமோ, எம்டிஎஸ் என்று போர்டு மேல் போர்டு. இன்றைக்குத் தனியார் மூணு, அரசாங்கத்தின் பிஎஸ்என்எல் ஒன்று. ஏர்செல் நம்ம ஊர்க் கம்பெனி, 2018இல் திவாலுக்கு மனு போட்டது. டேட்டா மலிவு என்பதை நான் மறுக்கவில்லை. அது இவ்வளவு மலிவாக இருக்க வேண்டுமா, இதைவிட மலிவாக இருக்க வேண்டுமா என்று கேட்க ஆள் குறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது வேறு. பாரிமுனைப் பக்கம் ஒரு பேங்க்கில் லோன் செக்ஷனில் முழு சர்வீஸும் போட்டவள் நான். 'அவர் காசு, அவர் எரிக்கிறார்' என்று சுந்தர் சொன்னாரே, அங்கேதான் எனக்கு முள் குத்துகிறது.

அண்ணாச்சி கடை சோல் ப்ரொப்ரைட்டர். கடையும் அவரும் சட்டத்துக்கு ஒரே ஆள். ஸ்டாக் போட ஏழு லட்சம் கடன் வாங்கி, வியாபாரம் படுத்தால், கடையை விற்றும் தீராத பாக்கிக்கு வீடு, பேங்க்கில் இருப்பது, அடகில் இருக்கும் சங்கிலி எல்லாம் வரிசையில் நிற்கும். என் மேஜைக்கு எதிரே அப்படி உட்கார்ந்தவர்கள் நிறையப் பேர். ஒருத்தர் கடைச் சாவியை மேஜையில் வைத்துவிட்டு, டீ வாங்கிக் கொடுத்தும் குடிக்காமல் ஆறவிட்டுப் போனார்.

ஆப் கம்பெனி பிரைவேட் லிமிடெட். ஆயிரம் கோடி நஷ்டம் வந்தாலும் பங்கு போட்டவர் போட்ட பணத்தோடு முடிந்தது. வீட்டுக்கு ஜப்தி வராது. 1896இல் லண்டனில் சாலமன் என்ற ஒரு தோல் செருப்பு வியாபாரி வழக்கில், கம்பெனி வேறு, அதன் முதலாளி வேறு என்று அன்றைக்கு அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொன்னதிலிருந்து உலகமே அப்படித்தான். நான் அதைத் தப்பு என்று சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் வ.உ.சி.யும் 25 ரூபாய்ப் பங்கை ஊர் ஜனங்களிடம் விற்றிருக்க முடியாது. ஆனால் அது சந்தை கொடுத்ததா? சட்டம் போட்டுக் கொடுத்த சலுகை. சின்னதாகப் பிரைவேட் லிமிடெட் வைத்தவனுக்கு அந்தச் சலுகையும் பாதிதான், பேங்க்கில் முதலில், கம்பெனி கட்டாவிட்டால் நானே கட்டுகிறேன் என்று பர்சனல் கேரண்டிக் கையெழுத்து வாங்கிவிடுவோம். அரசாங்கம் தலையிடக் கூடாது என்கிறவர்கள் அந்தச் சலுகையையும் திருப்பிக் கொடுப்பார்களா என்று ஒரு தடவையாவது கேட்க வேண்டும்.

நம்ம ஊருக்கு இதில் ஒரு பழைய கணக்கு உண்டு. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி மூழ்கியது, வ.உ.சி. கப்பல் கம்பெனியைப் பதிவு செய்த அதே மாதம். கடற்கரைச் சாலையில் பேங்க் நடத்திய வெள்ளைக்காரக் கூட்டாளிகளின் நிறுவனம், லிமிடெட் கம்பெனி இல்லை. மெட்ராஸ் வக்கீல், குமாஸ்தா, விதவை என்று ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு போச்சு. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதம் கடுங்காவல். அந்த அடியில்தான் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. 1909இல் மாகாணத் தலைநகர்களுக்கான திவால் சட்டமும் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அண்ணாச்சி இன்றைக்கு நொடித்துப்போனால் அவர் போய் நிற்க வேண்டியது அந்த 1909 சட்டத்தின் கீழேதான். கம்பெனிகளுக்கு 2016இல் புதுச் சட்டம் வந்துவிட்டது. தனிநபருக்கான பகுதியை, கம்பெனிக் கடனுக்குக் கேரண்டி கொடுத்தவர்களைத் தவிர மற்றவர்களுக்கு, இன்னும் அமல்படுத்தவில்லை.


மாடவீதி மணி

பூரணி மேடம், அருமை. ஒரு சந்தேகம், கேட்டால் சிரிக்கக் கூடாது. கம்பெனி ஒரு 'நபர்' என்பதே எனக்குப் பிடிபடவில்லை. ரத்தமும் சதையும் இல்லாத ஒன்று எப்படி உரிமை கேட்கிறது?


ஹைகோர்ட் வராண்டா

மாடவீதியில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? மயிலாப்பூர் கபாலி சாமி பேரிலேயே நிலம் இருக்கிறது, வாடகைப் பாக்கிக்குக் கபாலி பேரிலேயே வழக்கும் நடக்கிறது. பத்தூர் நடராஜர் சிலை களவுபோய் லண்டனில் அகப்பட்டபோது, அந்த ஊர்க் கோவிலுக்குச் சட்டப்படி வழக்காடும் தகுதி உண்டு என்று 1991இல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றமே ஒப்புக்கொண்டு, சிலை திரும்பி வந்தது. ரத்தம் சதை எல்லாம் கணக்கில் இல்லை.

ஆனால் ஒரு வித்தியாசம். சட்டத்தின் கண்ணில் சாமி என்றைக்கும் மைனர். அதன் சொத்தை விற்க வேண்டுமானால் ஆயிரம் தடை. கம்பெனிக்கு மேஜரின் உரிமை எல்லாம் உண்டு, கடன் என்று வரும்போது மட்டும் பின்னால் இருக்கும் பெரியவர்களைத் தொட முடியாது.

உரிமையிலும் நம் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டிருக்கிறது. 1963இல் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் வழக்கில், கம்பெனி 'நபர்'தான், 'குடிமகன்' அல்ல என்றார்கள். சமத்துவம் எந்த நபருக்கும் உண்டு, பேச்சுரிமை, தொழிலுரிமை குடிமகனுக்குத்தான். அமெரிக்காவில் 2010இல் கம்பெனிகள் தேர்தலில் தாராளமாகச் செலவழிப்பது பேச்சுரிமை என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்கே 2017இல் வேறு வழியில் அதே இடத்துக்குப் போகப் பார்த்தார்கள். கம்பெனி கட்சிக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு, மூன்று வருட சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் என்றிருந்த உச்சவரம்பை எடுத்தார்கள், கூடவே தேர்தல் பத்திரம். 2024 பிப்ரவரி 15 தீர்ப்பில் இரண்டுமே போச்சு. வரம்பில்லாவிட்டால் நஷ்டத்தில் ஓடும் கம்பெனிகூட நன்கொடை தரலாமே என்பது நீதிபதிகள் எடுத்துக் காட்டிய விஷயங்களில் ஒன்று.


ஓட்டேரி ராஜா

நஷ்டத்தில் எண்ணெயும் விற்கலாம், நஷ்டத்தில் நன்கொடையும் கொடுக்கலாம்! நாங்கள் நஷ்டக் கணக்குக் காட்டினால் மட்டும் ஜிஎஸ்டி ஆபீஸிலிருந்து போன் வருகிறது.


ராத்திரி ரைடர்

நான் டெலிவரி. ரொம்ப எழுத வராது. கடைக்கு எண்ணெய் போறது எங்களுக்கு எல்லாருக்கும் தெரியும் அண்ணே. ஸ்டோர்ல பேக் பண்றவனுக்கும் தெரியும். எங்களுக்கு ஆர்டர் கணக்குதான, நாலு போன்னா நாலு ஆர்டர். ஆனா ஆரம்பத்துல குடுத்த ரேட் இப்ப இல்ல. வந்த புதுசுல ஒரு ஆர்டருக்கு என்ன கிடைச்சுதோ அது கொஞ்சம் கொஞ்சமா கீழ வந்துடுச்சு. யார கேக்கறதுன்னு தெரில. ஆப்ல ஹெல்ப் அமுக்குனா மிஷின் பேசுது. எங்க அப்பா ஆட்டோ. அவருக்காவது மீட்டர் ரேட்டுன்னு 2013ல கவர்மென்ட் போட்ட ஒண்ணு இருக்கு, 25 ரூபா, 1.8 கிலோமீட்டர். அந்த ரேட்டுக்கு யாரும் ஓட்டலன்றது வேற விஷயம்.


சிறுசேரி சுந்தர்

ரைடர் ப்ரோ, கடைசி வரியில் என் கட்சியைப் பேசிவிட்டீர்கள். 2013இல் போட்ட ரேட்டை வருஷக்கணக்கில் ஏற்றாமல் விட்டார்கள், மீட்டர் அலங்காரப் பொருளானது. ஆப் வந்துதான் பேரம் பேசாமல் ஆட்டோ ஏற முடிந்தது. கட்டுப்பாடு போடுகிறவர்கள் போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள் என்பதுதான் என் பிரச்சினை.

சரி, பூரணி மேடம் சொன்னதில் ஒன்றை ஏற்கிறேன். லிமிடெட் என்பது சலுகைதான். அதைப் பற்றி நான் யோசித்ததில்லை. ஆனால் அதற்காகப் போட்டி ஆணையத்தை எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்க விட்டால் நல்லதாகிவிடுமா?


ஹைகோர்ட் வராண்டா

மூக்கை நுழைப்பது இருக்கட்டும், வேகத்தைப் பாருங்கள். சென்னையில் இருக்கும் மேட்ரிமோனி டாட் காம் கூகுள் தேடல் முடிவுகள் பற்றி 2012இல் புகார் செய்தது. 135.86 கோடி அபராதம் 2018 பிப்ரவரியில் வந்தது. ஆறு வருஷம். பிறகு ஆப் ஸ்டோர் கட்டணத் தகராறு. 2024 மார்ச் முதல் தேதி கூகுள் அவர்கள் ஆப்களையே ஸ்டோரிலிருந்து தூக்கிவிட்டு, மத்திய அரசு தலையிட்ட பிறகு திரும்ப வைத்தது. தூக்குவதற்குத் தேவைப்பட்டது ஒரு நாள்.

சிமெண்ட் இன்னும் மோசம். கம்பெனிகள் கூடிப் பேசி விலையை வைத்தார்கள் என்று 2012இல் 6,000 கோடிக்கு மேல் அபராதம், நடைமுறைக் குறைக்காக அது ரத்தாகி 2016இல் மறுபடி, 2018இல் தீர்ப்பாயம் உறுதி செய்தது, அங்கிருந்து உச்ச நீதிமன்றம். இதற்குள் நம் அரசு 190 ரூபாய்க்கு அம்மா சிமெண்ட் மூட்டையை விற்க ஆரம்பித்துவிட்டது. வீடு கட்டிய நாலு பேருக்காவது உடனே உதவியது எது என்று கேட்டால் நான் மூட்டையைத்தான் சொல்வேன், வக்கீலாக இருந்தும்.

ராஜாவுக்கு ஒரு வேலை. அந்தப் பையில் வந்த பில்லை வாங்கிப் பாருங்கள். விற்றவர் என்று யார் பேர் இருக்கிறது?


ஓட்டேரி ராஜா

பார்த்தேன் சார். ஆப் பேர் மேலே லோகோவாக மட்டும். விற்பனையாளர் என்ற இடத்தில் கேள்வியே படாத ஒரு பிரைவேட் லிமிடெட், மாதவரம் பக்கம் குடோன் விலாசம். நாலு பில்லிலும் அதே பேர்.


ஹைகோர்ட் வராண்டா

அதுதான். ஆப் என்பது 'சந்தை மட்டும்', கடை வேறொருத்தருடையது. வெளிநாட்டு முதலீடு வாங்கிய இணைய வியாபாரம் சொந்தச் சரக்கை நேரடியாக மக்களுக்கு விற்கக் கூடாது, விலையை நேரடியாகவோ மறைமுகமாகவோ பாதிக்கவும் கூடாது என்பது 2016 முதல் விதி. ஆகையால் ஒரு நபருக்குப் பதில் இரண்டு நபர்கள். 131 ரூபாயை யார் முடிவு செய்தது என்று கேட்டால் ஆப் குடோனைக் காட்டும், குடோன் சப்ளையரைக் காட்டும். மணி கேட்ட 'நபர்' சமாச்சாரம் ஓட்டேரியில் எண்ணெய்ப் பாக்கெட்டோடு வந்து இறங்குவது இப்படித்தான். 2024இல் விநியோகஸ்தர்கள் சம்மேளனம் போட்டி ஆணையத்தின் கதவைத் தட்டியிருக்கிறது. உங்கள் ஓனர் அதில் உறுப்பினரா என்று கேளுங்கள். பில்களைத் தேதியோடு எடுத்து வையுங்கள். வெயிலில் மை அழிந்துவிடும், ஜெராக்ஸ் போடுங்கள்.


கொளத்தூர் கடலோடி

அண்ணாச்சி சாட்சி சொல்ல வருவாராவே? அவருதான் நாலு போன் வச்சு குடை வாங்குறவரு.


நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. சாதிப் பெயரை இழுத்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.


ஓட்டேரி ராஜா

எல்லாருக்கும் நன்றி. இன்றைக்கு மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். ஆப்பில் அந்த எண்ணெய் 152 காட்டுகிறது. ரெண்டு நாளாக இப்படித்தானாம். நாலு போனிலும் பார்த்துவிட்டார், நாலிலும் 152.

ஆறு பெட்டி எழுதிக்கோ என்றார் அண்ணாச்சி. எழுதிக்கொண்டு ஓனருக்குப் போன் போட்டேன். மூணு மாசமாக ஓடாத கடைக்குக் கிரெடிட் கிடையாது, கேஷ் கொடுத்தால் வண்டியில் ஏற்று என்றார். அண்ணாச்சி கல்லாவைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டு, "ரெண்டே போடு" என்றார்.